மணிலாவில் ஒருவர், பொகோட்டாவில் ஒருவர்: வெளிநாட்டு ஆட்களோடு சிறு நிறுவனம் நடத்துவது

திருப்பூரிலோ கோவையிலோ எட்டுப் பத்துப் பேரோடு நடக்கும் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இணையக் கடை வழியாக அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் நேரடியாக விற்கிறது; இல்லாவிட்டால் அங்குள்ள கடைகளுக்கு வெப்சைட் வேலை செய்து தருகிறது. ஆர்டர் பெருகியதும் முதலில் திணறுவது கஸ்டமர் சப்போர்ட்தான். நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் நமக்கு இரவு ஏழரை, கோடையில் ஆறரை. ராத்திரி ஷிஃப்டுக்கு வரும் பையன் மூன்று மாதத்தில் உடம்பு முடியவில்லை என்று நின்றுவிடுகிறான். வெளிநாட்டில் ஆள் எடுக்கலாமே என்ற யோசனை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

யோசனை சரிதான். ஆனால் மலிவு என்ற கணக்கில் இறங்க வேண்டாம். பிலிப்பைன்ஸின் மணிலாவிலோ கொலம்பியாவின் பொகோட்டாவிலோ அனுபவமுள்ள ஒரு சப்போர்ட் ஆள் கோவைச் சம்பளத்துக்குக் கிடைக்கமாட்டார். வங்கிக் கட்டணம், ஆடிட்டர் செலவு, நாணய மாற்றில் போகும் நஷ்டம் எல்லாம் அதற்கு மேல். நாம் வாங்குவது மூன்றே விஷயம்: அவர்களுடைய பகல் நேரம், அவர்களுடைய மொழி, உள்ளூரில் அகப்படாத திறமை. இவற்றில் ஒன்றாவது உங்களுக்குத் தேவைப்படாவிட்டால் ஆளை உள்ளூரிலேயே எடுங்கள்.

எந்த வேலையை வெளியே கொடுப்பது

விதியாக எழுதிவைக்க முடிகிற வேலை, முடிந்ததும் கண்ணில் தெரிகிற வேலை, தப்பாகப் போனால் திருத்திக்கொள்ளக்கூடிய வேலை. இந்த மூன்றும் பொருந்துவதை மட்டும் முதலில் கொடுங்கள். சப்போர்ட் மெயில், பொருட்படங்களைத் திருத்துவது, ஜெர்மன் மொழி விவரப் பக்கங்கள், குறிப்பிட்ட ஒரு சாஃப்ட்வேர் பகுதி எல்லாம் பொருந்தும். விலை வைப்பதும் சப்ளையரிடம் பேரம் பேசுவதும் பொருந்தாது.

எழுதிவைப்பது என்றால் ஐம்பது பக்கக் கையேடு இல்லை. திருப்பி அனுப்பும் உடைகளுக்கு இப்படி நாலு வரி போதும்: முப்பது நாளுக்குள், துவைக்காத உடை, நாற்பது டாலருக்குள் என்றால் மறு கேள்வி இல்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடு. அதற்கு மேல் என்றால் படம் கேள். அதே ஆள் மூன்றாவது தடவை கேட்டால் எங்களிடம் அனுப்பு. மெயிலில் வக்கீல், அலர்ஜி, குழந்தைக்குக் காயம் என்று எது வந்தாலும் பதில் போடாமல் உடனே எங்களிடம் அனுப்பு. அந்த நாற்பது டாலர் எல்லை இல்லாவிட்டால் ஒவ்வொரு மெயிலுக்கும் உங்கள் அனுமதி வேண்டும். அப்புறம் அவர் விழித்திருக்கும் நேரமெல்லாம் நீங்களும் விழித்திருக்க வேண்டியதுதான்.

இதில் நன்றாக வேலை செய்யும் ஒரு முறை உண்டு. வேலையைச் செய்து காட்டி, திரையைப் பத்து நிமிட வீடியோவாகப் பதிவு செய்து அனுப்புங்கள். அதைப் பார்த்து வழிமுறையை எழுதும் பொறுப்பு புதிதாக வந்தவருக்கு. நீங்கள் திருத்தம் மட்டும் செய்யுங்கள். அவருக்கு என்ன புரியவில்லை என்பது அந்த எழுத்திலேயே தெரிந்துவிடும். அடுத்து வருகிறவருக்கும் அதே கையேடு உதவும்.

ஆள் தேர்வு

ரெஸ்யூமே, இன்டர்வியூ இரண்டையும்விடக் காசு கொடுத்து வைக்கும் பரீட்சை நம்பகமானது. நாலைந்து மணி நேர வேலை ஒன்றை மூன்று பேருக்குக் கொடுங்கள். மூவருக்கும் ஒரே வேலை, ஒரே கெடு, ஒரே கூலி. வேலையில் வேண்டுமென்றே ஒரு தகவலை விட்டுவையுங்கள், உதாரணமாக உடையின் அளவு அட்டவணையை. அதைக் கேட்டு மெயில் போடுகிறவர் தேறுவார். கேட்காமல் தானே ஒரு அட்டவணையைக் கற்பனை செய்து அழகாக முடித்து அனுப்புகிறவர், எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், தூரத்தில் வைத்து வேலை வாங்குவதற்கு ஆபத்தானவர்.

அடையாளத்தைச் சரிபார்ப்பதில் கூச்சம் வேண்டாம். வட கொரியாவைச் சேர்ந்த ஐடி ஆட்கள் திருடிய அடையாளங்களில் ரிமோட் வேலைகளில் சேர்ந்ததாக அமெரிக்க நீதித்துறை அடுத்தடுத்து வழக்குகள் போட்டிருக்கிறது. நிறுவனங்கள் அனுப்பிய லேப்டாப்புகளை ஒரே வீட்டில் வரிசையாக வைத்து இயக்கிய ‘லேப்டாப் பண்ணை’ ஒன்று அரிசோனாவிலேயே பிடிபட்டது. சிறு நிறுவனத்துக்கு இவ்வளவு செய்தால் போதும்: நேரலை வீடியோவில் படமுள்ள அரசு அடையாள அட்டை, ஒப்பந்தத்தில் உள்ள அதே பெயரில் வங்கிக் கணக்கு, சொன்ன முகவரிக்கே லேப்டாப் டெலிவரி. கடைசி நேரத்தில் ‘வேறு ஊருக்கு அனுப்புங்கள்’ என்றோ ‘அண்ணன் கணக்கில் போடுங்கள்’ என்றோ வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர் பொருந்தாத கணக்குக்கு அனுப்பும் பணத்தை வங்கியே திருப்பிவிடக்கூடும் என்பது வேறு விஷயம்.

நேரக் கணக்கு

மணிலா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நம் காலைக்கு அது வசதி. அமெரிக்கப் பகலுக்கு அவர்களும் ராத்திரி விழிக்கத்தான் வேண்டும். கால் சென்டர் பழக்கத்தால் அங்கே இரவு வேலைக்கு ஆள் எளிதாகக் கிடைக்கும், ஆனால் இரவுக்குக் கூடுதல் கூலி எதிர்பார்ப்பார்கள். அமெரிக்கப் பகல் மட்டுமே உங்கள் தேவை என்றால் கொலம்பியா பொருத்தம். பொகோட்டா நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். அங்கே காலை எட்டு என்றால் இங்கே மாலை ஆறரை. அலுவலகத்தைப் பூட்டுமுன் அரை மணி பேசி வேலையைக் கைமாற்றிவிடலாம்.

கொலம்பியாவும் பிலிப்பைன்ஸும் நம்மைப் போலவே கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் நவம்பர் முதல் ஞாயிறன்றும் மாற்றுகிறது. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும். ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் இறுதியில் ஒரு வாரமும் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் வழக்கத்தை மீறி நிற்கும். மீட்டிங்கை யாராவது தவறவிட்டால் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான். நிரந்தர மீட்டிங்கை வாடிக்கையாளர் நாட்டு நேரத்தில் பதிவு செய்யுங்கள். மற்றவர்களுக்குக் காலண்டர் தானாக மாற்றிக் காட்டும்.

எல்லோரும் ஒன்றாக இருக்கும் நேரம் தினமும் ஒன்றரை இரண்டு மணி கிடைத்தால் போதும். மீதி நேரத்துக்குக் கைமாற்றுக் குறிப்பு: இன்று முடிந்தது, பாதியில் நிற்பது, எதற்காக நிற்கிறது, யார் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது வரிதான் உயிர். அது காலியாகவே வந்துகொண்டிருந்தால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்லத் தயங்குகிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் விட்டுப்போகும் வரிகள்

இணையத்தில் எடுத்த மாதிரி ஒப்பந்தத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்குவதுதான் வழக்கம். அதில் மாட்டிக்கொள்ளும் இடம் பதிப்புரிமை. சம்பள ஊழியர் செய்தது நிறுவனத்துக்குச் சொந்தம். ஃப்ரீலான்சர் எழுதிய மென்பொருள், எழுதித் தராவிட்டால் பொதுவாக அவருக்கே சொந்தம். பிலிப்பைன்ஸ் சட்டமும் அப்படித்தான்: காசு கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பு உங்களுடையது, அதன் பதிப்புரிமை எழுத்தில் மாற்றாதவரை படைத்தவருடையது.

‘எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே’ என்ற ஒற்றை வரியும் போதாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். மாற்றிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதாதவரை, அதுவும் காலாவதி. எனவே ‘உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், பயன்படுத்தாவிட்டாலும் காலாவதியாகாமல்’ என்று மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். அமெரிக்க வாடிக்கையாளருக்கு விற்கும் மென்பொருளுக்கு உரிமை இந்தியாவுக்குள் மட்டும் இருந்து என்ன பயன்?

அடுத்தது, அவர் ஒப்பந்தக்காரரா ஊழியரா என்ற கேள்வி. காகிதத்தில் என்ன எழுதினாலும் உள்ளூர் நீதிமன்றம் நடைமுறையைத்தான் பார்க்கும். பிலிப்பைன்ஸில் நாலு விஷயம் பார்ப்பார்கள்: ஆளைத் தேர்ந்தெடுத்தது யார், கூலி கொடுப்பது யார், நீக்கும் அதிகாரம் யாரிடம், வேலை செய்யும் விதத்தைக் கட்டுப்படுத்துவது யார். நாலாவதுதான் முக்கியம். காலை எட்டுக்கு லாகின், நிமிடத்துக்கு நிமிடம் கணினித் திரையைப் படம் பிடிக்கும் மென்பொருள், வேறு வேலை எடுக்கத் தடை என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டு அவரை ஒப்பந்தக்காரர் என்பது நிற்காது. அந்தக் கண்காணிப்பு மென்பொருளால் வேறு பயனும் இல்லை. மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

பணம் அனுப்புவது

ஆள் கிடைப்பதைவிட, கிடைத்த ஆளுக்கு மாதாமாதம் சுத்தமாகப் பணம் போய்ச் சேர்வதுதான் கஷ்டமான வேலை. நல்ல ஆட்கள் விட்டுப்போவதற்குச் சம்பளத்தின் அளவைவிடத் தேதிதான் அதிகம் காரணமாகிறது.

முதலில் ஜிஎஸ்டி. வெளிநாட்டு ஃப்ரீலான்சரிடம் வாங்குவது சேவை இறக்குமதி. வரி கட்ட வேண்டியவர் நீங்கள்தான், ரிவர்ஸ் சார்ஜ் முறையில், பொதுவாக 18 சதவீதம். மாதம் 60,000 ரூபாய் கொடுத்தால் 10,800 ரூபாய் வரி. இதைக் கிரெடிட்டில் கழிக்க முடியாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். எல்யுடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிப் பத்திரம்) கொடுத்து ஏற்றுமதி செய்கிறவர்கள் ரீஃபண்ட் கேட்கலாம், ஆனால் அது வரும்வரை பணம் முடங்கும். நாலு பேருக்கு நாலு மாதம் என்றால் ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் பக்கம். நடைமுறை மூலதனத்தில் இதற்கு இடம் ஒதுக்காமல் ஆள் எடுக்காதீர்கள். ‘எங்கள் வரவு 20 லட்சத்துக்குக் கீழே, ஜிஎஸ்டி பதிவே இல்லை’ என்பதும் எடுபடாது. ரிவர்ஸ் சார்ஜில் வரி கட்ட வேண்டியவருக்கு அந்த வரம்பு பொருந்தாது, பதிவு கட்டாயம்.

அடுத்து டிடிஎஸ், அதாவது கொடுக்கும் பணத்தில் பிடித்துக் கட்டும் வரி. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடப்பில் இருப்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. ஆடிட்டர் அலுவலகங்களில் பேச்சு இன்னும் ‘195’ (வெளிநாட்டவருக்கான பிடித்தப் பிரிவு), ‘15சிஏ’, ‘15சிபி’ (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது தரும் படிவங்கள்) என்றே ஓடுவதால் அந்தப் பெயர்களிலேயே சொல்கிறோம். புது எண்களை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்குத் தொழில்நுட்ப சேவைக் கட்டணம் கொடுத்தால், அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை என்றாலும், அது இங்கே வரிக்கு உட்படும். உள்நாட்டுச் சட்டப்படி 20 சதவீதம், 2023-க்கு முன் 10 ஆக இருந்தது. அதற்கு மேல் 4 சதவீத செஸ், ஆக 20.8. ‘கையில் ஆயிரம் டாலர்’ என்று பேசியிருந்தால் வரியை நீங்கள்தான் சுமக்க வேண்டும், ஆயிரத்தை 0.792-ஆல் வகுத்தால் 1,262 டாலருக்கு மேல் வரும். பேசிய சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் கூடுதல் செலவு.

இதைக் குறைப்பது இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம். நாட்டுக்கு நாடு அது வேறுபடும். இலங்கை ஒப்பந்தத்தில் தொழில்நுட்ப சேவைக்கு உச்சம் 10 சதவீதம். பிலிப்பைன்ஸ் ஒப்பந்தத்தில் தொழில்நுட்ப சேவைக்கென்று தனிப்பிரிவே இல்லை, அதனால் அங்கே உட்கார்ந்து வேலை செய்யும் தனிநபருக்குப் பெரும்பாலும் இங்கே பிடித்தம் இல்லாமல் போக வழி உண்டு. வழக்கமான சப்போர்ட் மெயில் வேலை தொழில்நுட்ப சேவையே இல்லை என்ற வாதமும் இருக்கிறது. எதுவானாலும் காகிதம் கையில் இருக்க வேண்டும்: அந்நாட்டு வரித்துறை தரும் வசிப்பிடச் சான்றிதழ், வரி ஒப்பந்தச் சலுகைக்கான 10எஃப் படிவம், இந்தியாவில் நிலையான அலுவலகம் இல்லை என்ற உறுதிமொழி. அந்தச் சான்றிதழ் வர வாரக்கணக்காகும். பெரும்பாலான ஃப்ரீலான்சர்கள் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். பரீட்சையில் தேறிய அன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முதல் சம்பள நாளன்று கேட்டால் முதல் சம்பளமே தாமதம்.

வங்கியில் ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பம்), இன்வாய்ஸ், ஒப்பந்தம், பணம் எதற்காகப் போகிறது என்ற நோக்கக் குறியீடு கேட்பார்கள். சாஃப்ட்வேர் வேலைக்கு எஸ்0802. இன்வாய்ஸில் ‘சேவைகள்’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் கிளையில் நிறுத்திவிடுவார்கள். மாதம், வேலையின் பெயர், ஒப்பந்தத் தேதி மூன்றும் இருக்கும் ஒரு மாதிரி இன்வாய்ஸை நீங்களே தயாரித்து அனுப்பிவிடுங்கள். கட்டணத்தில் ‘ஓயுஆர்’, அதாவது எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருக்கு, என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘எஸ்எச்ஏ’ (இருவரும் பகிர்வது) என்றால் நடுவில் உள்ள வங்கிகள் பத்திலிருந்து முப்பது டாலர்வரை வெட்டிக்கொள்ளும், அவருக்கு 600-க்கு 578 வரும், நீங்கள் ஏமாற்றியதாக நினைப்பார். டாலர் பணம் நியூயார்க் வழியாகச் சுற்றிப் போவதால் நம் விடுமுறை, அவர்கள் விடுமுறை, அமெரிக்க விடுமுறை என்று மூன்று காலண்டரும் குறுக்கே நிற்கும். மாதக் கடைசியில் போய்ச் சேர வேண்டிய பணத்தை 24-ஆம் தேதி வாக்கில் அனுப்பிவிடுவது நல்லது.

பிலிப்பைன்ஸில் ஆள் வைத்திருக்கிறவர்கள் டிசம்பரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1975-ஆம் ஆண்டு ஆணைப்படி ஊழியர்களுக்குப் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உண்டு. அந்த ஆண்டு வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, டிசம்பர் 24-க்குள். ஒப்பந்தக்காரருக்குச் சட்டப்படி இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாங்கும்போது இவர் மட்டும் வாங்காமல் இருப்பது, தீபாவளிக்கு போனஸ் தராத முதலாளியிடம் வேலை செய்வது மாதிரிதான். கொடுத்துவிடுங்கள். மாதக் கூலியைப் பேசும்போதே பதின்மூன்றால் பெருக்கிப் பாருங்கள்.

மின்சாரம், புயல், பாஸ்வேர்ட்

2021 டிசம்பர் 16 அன்று ஓடெட் புயல் பிலிப்பைன்ஸின் செபு, போஹோல் தீவுகளை அடித்தபோது பல இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. ஒரே வேலையைச் செய்யும் இருவரை ஒரே ஊரில் வைக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

அன்றாட மின்வெட்டுக்குப் பெரிய யுபிஎஸ் தேவையில்லை. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, விழுவது ரௌட்டர். பத்து வாட் இழுக்கும் ரௌட்டரை ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் மூன்று மணி நேரம்வரை ஓட்டும். ஆனால் தெரு முழுக்க மின்சாரம் போனால் கேபிள் நிறுவனத்தின் பெட்டியும் சேர்ந்து செத்துவிடும். ரௌட்டர் விளக்கு எரியும், இணையம் இருக்காது. அதற்காக வேறு நெட்வொர்க்கின் சிம் ஒன்று. இந்த இரண்டின் செலவையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், ஒரே ஒரு நாள் சப்போர்ட் நின்றால் போகும் காசை விட இது குறைவு.

கடை, டொமைன், விளம்பரக் கணக்கு மூன்றின் உரிமையாளர் கணக்கும் முதலாளி பெயரில், நிறுவன மெயிலில் இருக்க வேண்டும். ஃப்ரீலான்சர் ‘நானே பதிவு செய்துவிட்டேன்’ என்று அவருடைய மெயிலில் டொமைன் வாங்கினால், நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும், அன்றே மாற்றுங்கள். பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் பாஸ்வேர்ட் மேனேஜர் வழியாகப் பகிருங்கள். இரண்டாம் அடுக்குச் சோதனையை எஸ்எம்எஸ்ஸில் வைக்காமல் செயலியில் வையுங்கள்; உங்கள் போனுக்கு வரும் ஓடிபிக்காக மணிலாவில் ஒருவர் இரவெல்லாம் காத்திருக்கக் கூடாது. சப்போர்ட் ஆளுக்கு வாடிக்கையாளர் பட்டியலைத் தரவிறக்கும் அனுமதி தேவையே இல்லை.

டீக்கடை முடிவுகள்

அலுவலகத்தில் நாலு பேர், வெளிநாட்டில் நாலு பேர் என்று ஆனதும் வருகிற சிக்கல் இது. நாலு மணி டீக்கு இறங்கிப் போகிறோம், நின்றபடியே தமிழில் பேசி ஒரு முடிவெடுக்கிறோம், திரும்பி வந்து வேலையைத் தொடர்கிறோம். அந்த முடிவு ஆங்கிலத்தில் எழுதப்படாதவரை மணிலாவைப் பொறுத்தமட்டில் அது நடக்கவே இல்லை. மூன்று நாள் கழித்து ‘ஏன் பழைய விலையில் பதில் போட்டாய்?’ என்று அவரைக் கடிந்துகொள்வோம். டீக்கடைக்குப் போனவர்களில் ஒருவர் இரண்டு வரி எழுதியாக வேண்டும் என்று முறை வையுங்கள்.

‘எஸ் சார்’ என்ற பதிலையும் அப்படியே நம்ப வேண்டாம். கேட்டேன் என்பதற்கும் அதே பதில், முடியும் என்பதற்கும் அதே பதில். நம் ஊர் ‘ஆகட்டும் சார்’ தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘புரிந்ததா?’ என்று கேட்காமல் ‘முதலில் எதைத் தொடுவீர்கள்?’ என்று கேளுங்கள். இரண்டு வாக்கியத்தில் தெரிந்துவிடும். டச்சுக்காரர்களிடமும் ஜெர்மானியர்களிடமும் சிரமம் எதிர்த்திசையில் வரும்; ‘இது சரியான யோசனை இல்லை’ என்று முகத்துக்கு நேரே வரும் பதிலில் கோபம் எதுவும் இருக்காது.

ஒரு நாட்டில் மூன்று பேர், எல்லோரும் முழு நேரம், வருடக்கணக்கில் என்று ஆகிவிட்டால் ஃப்ரீலான்சர் ஏற்பாடு நீடிக்காது. அங்கே சட்டப்படி அவர்களை வேலைக்கு வைத்துக்கொண்டு உங்களுக்கு பில் போடும் எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட் நிறுவனங்கள் இருக்கின்றன. தலைக்கு மாதம் சில நூறு டாலர் கட்டணம் என்பதால், 600 டாலர் வாங்கும் ஆளுக்கு இது கட்டாது. 2,500 டாலர் வாங்கும் டெவலப்பருக்குக் கட்டும்.

விலகும்போது ஒப்பந்தத்தில் முப்பது நாள் நோட்டீஸ் இருக்கட்டும். விலகுகிறவர் பட்டியலிட வேண்டியது: பாதி வேலைகள், அவர் கையிலுள்ள கணக்குகள், அவர் மட்டுமே அறிந்த வழிமுறைகள். கடைசி நாளில் அனுமதிகளை நீக்குவது ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், அதற்கு யாருக்கு எந்தக் கணக்கில் என்ன அனுமதி என்ற அட்டவணை முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். லேப்டாப்பைத் திரும்ப வரவழைக்கக் கூரியரும் சுங்கமும் சேர்ந்து அதன் விலையைத் தொட்டுவிடும். தூரத்திலிருந்தே அழித்துவிட்டு, குறைந்த விலைக்கு அவருக்கே எழுதிக்கொடுப்பது நல்லது. கடைசிச் சம்பளத்தை மட்டும் பிடித்துவைக்காதீர்கள். ஃப்ரீலான்சர் வட்டாரத்தில் அந்தச் செய்தி உங்கள் அடுத்த விளம்பரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.